அரசாங்க வெந்தயம்

ஊரக இல்ல வண்ண ஒழுங்கு வாரியத்தின் தலைவர் திரு. புகழ்வேந்தன் அவர்கள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். தினமும் காலையில் இதை வேண்டிக்கொண்டுதான் மொபெட்டை உதைக்கிறேன். அவருக்குக் கண் மங்கினாலும் பரவாயில்லை. காது கேட்காமல் போனாலும் பரவாயில்லை, ஏற்கெனவே யார் சொல்வதும் அவர் காதில் விழுந்ததில்லை. நாக்கு மட்டும் நன்றாக இருக்க வேண்டும். நாக்கில் ருசி செத்துவிட்டால் நானும் என் மனைவியும் பட்ட பாடு அத்தனையும் வீண்.

இப்படி ஒரு வேண்டுதல் எதற்கு என்று கேட்டால் எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒதியம்பட்டு. என் பெயர் பாக்யராஜ். மனைவி விஜயராணி சமைப்பாள், நான் கேரியர்களை மொபெட்டில் மாட்டிக்கொண்டு வில்லியனூரிலும் டவுனிலும் இருக்கிற ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் இரண்டு பேரின் அப்பா அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். நாங்கள் யார் கழனியிலும் இறங்காமல் பிழைக்கிறோம் என்றால் அது அவள் குழம்பு வைக்கிற கையால்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. டவுனில் ஒரு வக்கீல் எங்கள் ரசம் வராமல் மத்தியான கேஸுக்கு எழுந்திருக்க மாட்டார்.

ஆனால் அவள் சமைத்த இடம் இருக்கிறதே, அது சமையலறை இல்லை, கரி மூட்டை. என் அம்மா காலத்திலிருந்து விறகு எரிந்து எரிந்து சுவர் முழுக்கப் புகை ஏறிப்போயிருந்தது. வெள்ளையடித்தால் ஒரு மழைக்குள் கருப்பு உள்ளேயிருந்து திரும்பி வந்துவிடும். கேஸ் அடுப்பு வாங்கிய பிறகும் போகவில்லை. கடுகு பொரிந்ததா கருகியதா என்று பட்டப்பகலில் பல்பு போட்டுப் பார்ப்பாள்.

"கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து ஒரு கருப்புச் செவுத்தயே பாத்துக்கினு நிக்கிறேன். சாவறதுக்குள்ள ஒரு நல்ல கலர் செவுத்துக்கு எதுர்ல நின்னு டீ போட்டுக் குடிக்கணும்யா" என்பாள். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. கேட்டது அந்தச் சுவர் ஒன்றைத்தான்.

அந்த நேரத்தில்தான் சமையலறை மறுமலர்ச்சித் திட்டம் என்று ஒன்று வந்தது. சிமெண்டு, டைல்ஸ், ஜன்னல் எல்லாம் கொடுத்தார்கள். கரிச் சுவரை இடித்தோம். முதல் கடப்பாரையை அவளே போட்டாள். புதுச் சுவர் எழும்பி, பூச்சு வேலையும் முடிந்து, பெயிண்ட் மட்டும் பாக்கி என்கிறபோது ஒரு நிபந்தனை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். உள்சுவரின் நிறத்தை வாரியம் அங்கீகரிக்க வேண்டும், அதுவரை அந்த அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், அங்கேயே சமைத்துக்கொண்டும் இருந்தோம். சிரித்திருக்கக் கூடாது.

வாரியம் ஏன் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீதிகளில் மஞ்சள் சுவர்கள் இருக்கின்றன. எங்கிருந்தோ வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் மட்டும் ஏன் யாரும் காலை மடக்குவதில்லை என்று ஏதோ ஒரு மேதைக்குக் கேள்வி எழுந்திருக்கிறது. ரோடு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நிறம் சரியில்லை என்று முடிவாகியிருக்கிறது. வெளிச்சுவர்களில் கட்சிக்காரர்கள் எழுதுகிறார்கள், அதில் கைவைக்க எந்த அதிகாரிக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே வாரியம் உள்சுவரை எடுத்துக்கொண்டது.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அவர்களுக்கு அலுவலகம். அங்கே மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தலைவருக்கு மட்டும் நாலடுக்குக் கேரியர்.

வண்ண ஆய்வாளர் அரிகரன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து நீளமான அட்டை ஒன்றை எடுத்து விசிறி மாதிரி விரித்தார். வளர்ச்சி வெள்ளை, ஒத்துழைப்பு நீலம், நல்லாட்சி ரோஸ், பொறுப்புப் பச்சை, நிர்வாகச் சாம்பல் என்று ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் பெயர் போட்டிருந்தது.

"இதுல எது வேணும்னு சொல்லுங்கம்மா. எழுதிக்கினு போயிடறேன்."

"எனக்கு வெந்தயக் கலர் வேணும் சார்" என்றாள் விஜயராணி. "மஞ்சத்தூள் தெறிச்சாலும் தெரியாது, எண்ண பட்டாலும் தெரியாது. ஆனா வெளிச்சமா இருக்கும்."

"அப்டி ஒரு கலரே கெடையாதேம்மா."

"கெடையாதா? எங்கிட்ட பொடவையே இருக்குது."

உள்ளே போய்ப் புடவையை எடுத்துவந்து காட்டினாள். அரிகரன் அதை அட்டையின் ஒவ்வொரு கட்டத்தோடும் ஒட்டவைத்துப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"பொடவ வாரியத்துக்குள்ள வராதும்மா. நீங்க வெந்தயம்னு பேரு சொல்லிட்டீங்க. அப்ப வெந்தயந்தான் ஆதாரம்."

அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயத்தை எடுத்துக் கவரில் போட்டு, ஒட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"வத்தக் கொழம்பு சார்."

"அப்ப தலைவருக்கு அப்பளம் சேத்து வெச்சுடுங்க. அவருக்குப் புடிக்கும்."

அன்றைக்கு அப்பளம் சேர்த்துத்தான் போனது. ஒரு நல்லது நடக்கும் என்று நம்பி என் மனைவி அதைப் பொரித்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து வந்தது நோட்டீஸ். எங்கள் சுவர் நிர்வாகச் சாம்பல் நிறத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாகவும், அட்டையில் இருந்தாலும் அந்த நிறம் அரசு அலுவலகங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேரியர் கொடுக்கப் போன இடத்தில் அரிகரனிடம் கேட்டேன்.

"சார், நாங்க எந்தக் கலரும் அடிக்கல. அது வெறும் சிமெண்டு பூச்சு."

"சிமெண்டுக்குக் கலர் இருக்குதா இல்லியா?"

"இருக்குது சார்."

"இன்னா கலர்?"

"சாம்பல்."

"யாருது அந்தக் கலர்?"

சிமெண்டு விற்கிற கடைக்காரர் பேரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் சாம்பாரைத் திறந்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாளே ஆட்கள் வந்து சமையலறைக் கதவைச் சாத்தி, நூல் கட்டி, அரக்கு ஊற்றி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். 'நிறத் தகராறுக்குட்பட்ட பகுதி' என்று ஒரு தாள் ஒட்டினார்கள். கொலை நடந்த வீடு என்று நினைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கொலையாகிக் கிடந்தது எங்கள் பிழைப்பு.

பின்பக்கம் தகரம் போட்டுக் கல் அடுப்பு வைத்தோம். தகர ஷெட்டுக்குள் சிலிண்டர் வைக்கப் பயமாக இருந்ததால் மறுபடியும் விறகு. ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. ஈர விறகு மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் பிடிக்கும், தகரமோ ஒழுகும்; ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குழம்பைக் கிண்டுவாள். சோறு, கூட்டு, பொரியல், எதை எடுத்தாலும் புகை வாசனை.

"ராஜூ, ரசத்துல கிரசின் வாசன வருதுப்பா. கொஞ்ச நாள் நிறுத்திக்கலாம்" என்றார் வக்கீல். அவரைப் பார்த்து அடுத்த ரூமில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். பாங்கில் நிறுத்தினார்கள். காலிக் கேரியர்கள் ஆணியில் தொங்க ஆரம்பித்தன. இப்படியே போனால் தை பிறப்பதற்குள் எங்களிடம் சாப்பிட ஆள் இருக்காது என்று தெரிந்துவிட்டது. கடைசிவரை நிறுத்தாதது வாரியம் ஒன்றுதான். சாம்பாரில் புகை வாசனை வருவதைத் தலைவர் கவனித்திருக்கிறார். 'கிராமிய மணம்' என்று பாராட்டினாராம்.

ஒருவழியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மண்டபத்து மாடியில் தலைவர் புகழ்வேந்தன் நடுவில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, வாசனை பவுடர். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். மேஜை நடுவில் ஒரு தட்டில் எங்கள் வெந்தயம். அதற்கு ஒரு சின்ன மாலை போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

"அம்மா, இது பச்ச வெந்தயமா, வறுத்த வெந்தயமா?" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"பச்ச வெந்தயம் சார். சும்மா வெந்தயம்."

"வறுத்தா கலர் மாறுமா?"

"மாறும் சார்."

தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள்.

"கவனிங்க. அடுப்புல வெச்சா கலர் மாறுற பொருளோட பேர, அடுப்பு இருக்குற ரூமுக்கு வெக்கச் சொல்லிக் கேக்குறாங்க. இது எவ்ளோ பெரிய சிக்கல் தெரியுமா?"

"சார், செவுத்த நான் வறுக்கப்போறது இல்லியே" என்றாள் விஜயராணி.

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். தலைவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பேச்சு வந்தது. எழுந்து நின்றார்.

"அம்மா, நீங்க ஒரு வெந்தயத்தப் பாக்குறீங்க. நான் ஒரு சமுதாயத்தப் பாக்குறேன். இன்னிக்கு ஒங்களுக்கு வெந்தயம்னு குடுத்தா நாளைக்கு நெட்டப்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் சீரகம்னு வந்து நிப்பாரு. பூரணாங்குப்பத்துலேர்ந்து ஒருத்தர் நெத்திலி கலர் வேணும்பாரு. ஆளாளுக்கு அவங்கவங்க வூட்டுக்குப் புடிச்ச கலர அவங்கவங்களே அடிச்சுக்கலாம்னா, அப்பறம் இந்த வாரியம் எதுக்கு? நாங்க எதுக்கு? எங்களுக்கு ஒரு கார் எதுக்கு, அந்தக் காருக்கு ஒரு டிரைவர் எதுக்கு? எல்லாத்தையும் யோசிச்சுதான் நாங்க முடிவு எடுக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷம், நானும் தட்டிவிட்டேன். விஜயராணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெந்தயத்தின் உண்மையான நிறம் எது என்பதை நேரில் கண்டறிவது என்று தீர்மானம் போட்டார்கள். மண்டபத்து அடுப்பும் வாணலியும் மாடிக்கு வந்தன. விஜயராணி வெந்தயத்தைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் சிவந்து நல்ல வாசனை வந்தது.

"எறக்கணும் சார்."

"எறக்காதீங்க. கலர் இன்னும் மாறிக்கினே இருக்குதே."

"மாறத்தான் செய்யும் சார். இப்ப எறக்கலன்னா கருவிடும்."

"கருவட்டும். எங்க நிக்குதுன்னு பாப்போம்."

"சார், வெந்தயத்த எப்ப எறக்கணும்னு ஒண்ணு இருக்குது சார்."

"அத வாரியம் சொல்லும்."

கருகியது. புகை மண்டியது. உறுப்பினர்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். வாணலியில் வெந்தயம் கரித்துண்டாகிக் கிடந்தது. தலைவர் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாத்தீங்களா? இதுக்கு மேல மாறல. இதுதான் வெந்தயத்தோட நெரந்தரமான கலர். மத்ததெல்லாம் வழியில வர்றது."

ஆணை வந்தது. எங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டதாகவும், வெந்தய நிறம் அனுமதிக்கப்பட்டதாகவும், இனி இவ்வாரிய எல்லைக்குள் வெந்தயம் எனப்படுவது முழுமையாகக் கருகிய வெந்தயத்தையே குறிக்கும் எனவும், ஆகவே சமையலறையின் நான்கு உள்சுவர்களையும் கருப்பு நிறத்தில் பூசிக் காட்டினால் சீல் அகற்றப்படும் எனவும் எழுதியிருந்தது. கீழே வாழ்த்துகள் என்றும் போட்டிருந்தது.

நான் படித்துக் காட்டினேன். அவள் ஷெட்டில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"கருப்பா?"

"கருப்புதான் ராணி."

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

"இடிச்ச செவுத்தயே திருப்பிக் குடுக்குறானுங்க" என்றாள். குரல் சத்தமே இல்லாமல் வந்தது. "இந்த ஆளுக்கு நான் சோறு போட்டேன். அப்பளம் சேத்து வெச்சேன். எப்ப எறக்கணும்னு வாயத் தெறந்து சொன்னேன். கேக்கல இல்ல?"

"மேல்முறையீடு பண்ணலாம் ராணி."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான்."

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்பை ஊத ஆரம்பித்தாள். கருப்புப் பெயிண்ட் வாங்க நான் போகவுமில்லை, போ என்று அவள் சொல்லவுமில்லை.

பழி வாங்குகிறவர்களுக்கு வாய்ப்பு தானாக வருவதில்லை என்பார்கள். எங்களுக்கு அரிகரன் ரூபத்தில் வந்தது. டவுனிலிருந்து மேலதிகாரி அர்ச்சனா மேடம் வாரியத்தின் சாதனைகளைப் பார்வையிட வருகிறாராம். வாரியத்துக்கு அதுவரை சாதனை என்று இருந்தது எங்கள் வெந்தயத் தீர்ப்பு ஒன்றுதான். அதனால் மேடத்தை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்து, பயனாளியின் கையால் மத்தியானச் சாப்பாடு போட்டு, தீர்ப்பை விளக்கிச் சொல்வதாக ஏற்பாடு.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். விஜயராணி முந்திக்கொண்டாள்.

"அதுக்கின்னா சார், வரட்டும். தீர்ப்பே வெந்தயத்தப் பத்தினதுதான. அப்ப எல்லாம் வெந்தய ஐட்டமாவே பண்ணிடறேன். தலைவர் பேரு நெலைக்கிற மாதிரி பண்ணிடறேன்."

"ரொம்ப நல்லதும்மா. இந்த மனசு யாருக்கு வரும்" என்றார் அரிகரன்.

அந்த நாள் காலையில் ஷெட்டிலிருந்து நெடி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரிய வாணலி நிறைய வெந்தயம் கொட்டி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ராணி, கருவுது."

"தெரியும்."

"எறக்கு."

"இன்னும் மாறிக்கினே இருக்குது" என்றாள். "எங்க நிக்குதுன்னு பாப்போம்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நெடி எனக்கு அவ்வளவு மணமாக இருந்தது. பொடிக்க அம்மியை நானே கழுவிக் கொடுத்தேன்.

வாசலில் பந்தல் போட்டு, மேஜை போட்டு, இலை போட்டோம். மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு, அளவாகச் சிரித்துக்கொண்டு வந்தார். தலைவர் மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரி பேசினார். ஒரு சாதாரணக் கிராமத்துப் பெண்மணி கேட்ட நிறத்தை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து கண்டுபிடித்துக் கொடுத்தது இந்தியாவிலேயே இந்த வாரியம்தான் என்றார். மேடம் தலையாட்டினார். சாப்பாடு பரிமாறப்பட்டது. வெந்தயக் குழம்பு. வெந்தயம் போட்ட சாம்பார். வெந்தயப்பொடி தூவிய பொரியல். மோரில்கூட வெந்தயம்.

மேடம் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். முழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருகிய வெந்தயத்தைத் தெரியாமல் கடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடிக்காதவர்களுக்கு விளக்கவும் முடியாது.

"என்ன மிஸ்டர் புகழ்வேந்தன் இது?"

தலைவரும் ஒரு வாய் போட்டிருந்தார். அவர் முகம் போன போக்கை நான் ரசித்துக்கொண்டு நின்றேன். ஆனால் வாரியத் தலைவர் என்றால் சும்மாவா. முழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"கிராமிய மணம் மேடம்."

"கசக்குது."

"கசப்பு ஒடம்புக்கு நல்லது மேடம்" என்று சொல்லி இன்னொரு வாய் போட்டார். பாவம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஜயராணி குனிந்து, அவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி குழம்பை ஊற்றினாள். "நல்லா சாப்புடுங்க சார்" என்றாள்.

"இல்ல, இத மனுஷன் சாப்பிட முடியாது" என்று மேடம் இலையைத் தள்ளினார். "ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசருக்கு வேணும்னே இப்படிப் பண்ணியிருக்காங்கன்னா, அத அரேஞ்ச் பண்ணினது யாரு?"

அந்தக் கேள்வி தலைவரின் நாற்காலியைத் தொட்டது. அவர் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே?" என்று விஜயராணியைப் பார்த்துக் கத்தினார். "இன்னாத்தப் போட்ட இதுல?"

"வெந்தயம் சார்."

"இதுவா வெந்தயம்?"

"நீங்க சொன்ன வெந்தயம்தான் சார்."

"கருவிப்போனா அது எப்டிம்மா வெந்தயம் ஆவும்? கருவிட்டா அது வெந்தயமே இல்ல. சமையல் பண்றவ, ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் விஜயராணி. "ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு மேடத்துக்குச் சொல்லுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். அரிகரன் எழுந்து நின்று, இனி இவ்வாரிய எல்லைக்குள் வெந்தயம் எனப்படுவது முழுமையாகக் கருகிய வெந்தயத்தையே குறிக்கும் என்று படித்தார். படித்து முடித்து உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"கருகிட்டா அது வெந்தயமே இல்லைன்னு தலைவர் சொன்னார்" என்றார் மேடம். "அதையும் மினிட்ஸ்ல எழுதுங்க. அவர் வாயால சொன்ன மாதிரியே எழுதுங்க."

அரிகரன் எழுதினார். சீலை உடைக்கச் சொன்னார் மேடம். அரக்கைத் தலைவரே தன் கையால் பெயர்த்தார். உள்ளே இருந்த சிமெண்டுச் சுவரை மேடம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துப் பேசினார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லப்போறது இல்ல. வாரியம் நல்லா செயல்படுதுன்னுதான் ரிப்போர்ட் எழுதுவேன். செயல்படலைன்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க, திரும்ப வரச் சொல்லுவாங்க. என்னால இன்னொரு தடவ இங்க சாப்பிட முடியாது. நீங்க உங்களுக்கு வேண்டிய வெந்தயத்த அடிச்சுக்கங்க. இந்த வீட்ட முன்மாதிரின்னு அறிவிக்கிறேன்." அப்புறம் தலைவர் பக்கம் திரும்பினார். மேடத்துக்கு இன்னும் வாய் கசந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். "மக்களோட ஒத்துழைப்பு இருக்குன்னு காட்டணும் இல்லையா. நீங்க ரிட்டையர் ஆகுற வரைக்கும் மத்தியானம் இந்த வீட்டுச் சாப்பாடுதான். சாப்பிடும்போது சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ தினம் எனக்கு வந்துடணும்."

இப்போது எங்கள் சமையலறை வெந்தயக் கலர். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் சுவரே பளிச்சென்று இருக்கிறது. பெயிண்ட் காய்ந்த அன்று விஜயராணி அதற்கு எதிரில் நின்று டீ போட்டாள், நின்றபடியே குடித்தாள். எனக்கு ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. வக்கீல் திரும்பி வந்துவிட்டார், பாங்கும் வந்துவிட்டது. ஆணியில் இப்போது காலிக் கேரியர் இல்லை.

தலைவருக்கும் நாலடுக்குக் கேரியர் போகிறது, அப்பளம் சேர்த்து. எல்லோருக்கும் ஒரே குழம்புதான். அவருடையதை மட்டும் தனியாக ஒரு சட்டியில் ஊற்றி, ஒரு டப்பாவைத் திறந்து அதிலிருந்து கருப்பாக ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்குவாள். அந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது.

முதல் நாள் அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாக்யராஜ், கொழம்பு கசக்குதே."

"எது சார் கசக்குது?"

"இது, வெந்தயம்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"அதுல வெந்தயமே இல்ல சார்" என்றேன். "நீங்கதான சொன்னீங்க. மினிட்ஸ்ல இருக்குது."

என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். எதிரில் அரிகரன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கொஞ்சம் சிரிங்க."

தலைவர் இன்னொரு வாய் போட்டுக்கொண்டு சிரித்தார். பல் இடுக்கில் கருப்புத் தெரிந்தது. நான் மூடியைத் துடைத்து வைத்துவிட்டு, "நாளைக்கும் கொண்ணாரேன் சார்" என்று சொல்லிப் படியிறங்கினேன்.